குடியானவர் வீட்டில் ஒரு வரலாற்று ஓவியர்



1769-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், பாரிஸ் லூவ்ர் அரண்மனையில் அரச ஓவிய, சிற்ப அகாதமி கூடியிருந்தது. உறுப்பினர்களின் பார்வைக்கு ஒரு ரோமானியப் படம் வைக்கப்பட்டிருந்தது. அதை வரைந்த ழான் பத்தீஸ்த் கிரூஸ் தீர்ப்புக்காக வெளியே காத்திருந்தார். அப்போதே ஐரோப்பா அறிந்த பெயர் அது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் மூன்றாண்டுகளுக்கு முன்புதான் அவருடைய படமொன்றை வாங்கியிருந்தார். வாக்கெடுப்பு முடிந்து அவரை உள்ளே அழைத்தார்கள். அகாதமி உங்களை ஏற்றுக்கொண்டது, வந்து உறுதிமொழி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் இயக்குநர். எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் மீதிச் செய்தி வந்தது. ஏற்றுக்கொண்டது அன்றாடக் காட்சி ஓவியராக மட்டுமே. அதுவும் பழைய படங்களின் சிறப்பைக் கருதி. இன்று கொண்டுவந்திருக்கும் படத்தின் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டோம். கிரூஸ் தம் படத்துக்காக வாதாடிப் பார்த்தார். லாக்ரனே என்ற ஓவியர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, வரைவுப் பிழைகள் எங்கெங்கே என்று கித்தானிலேயே தொட்டுக் காட்டினாராம். இவ்வளவும் தத்துவாசிரியர் தெனி திதரோ எழுதிவைத்த விவரம். அந்தச் சமயத்தில் திதரோவுக்கும் கிரூஸுக்கும் மனத்தாங்கல் என்பதால் இதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் முடிவு என்ன என்பதில் ஐயம் இல்லை. அகாதமி அவரை அன்றாடக் காட்சி ஓவியராகத்தான் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இதை அகந்தைக்குக் கிடைத்த அடி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குடியானவர் வீட்டுக் காட்சிகளை அழகாக வரையத் தெரிந்த ஒருவர், தம் எல்லை தெரியாமல் ரோமாபுரிக்குப் போய் விழுந்தார் என்பது அந்தக் கதை. நான் இன்று வைக்கப்போகும் வாதம் வேறு. கிரூஸ் 1769-க்கு முன்பே வரலாற்று ஓவியர்தான். அகாதமி ‘வரலாறு’ என்ற உயர்ந்த வகைக்கு என்னென்ன இலக்கணம் வகுத்ததோ, அவை எல்லாம் அவருடைய குடியானவர் படங்களில் ஏற்கெனவே இருந்தன. அகாதமி அதைக் காண மறுத்தது. அதைவிட வருந்தத்தக்கது, கிரூஸும் அதைக் காணவில்லை என்பதுதான். உயர்ந்த ஓவியம் என்றால் ரோமானிய அங்கி வேண்டும் என்று அகாதமி நம்பியதைப் போலவே அவரும் நம்பினார். அவருடைய தோல்வி அந்த நம்பிக்கையில் இருந்தது, தூரிகையில் அல்ல.

முதலில் அந்தப் படிவரிசை என்ன என்று பார்த்துவிடுவோம். அகாதமி 1648-இல் தொடங்கப்பட்டது. 1667-இல் அகாதமி உரைகளுக்கு முன்னுரை எழுதிய ஃபெலிபியான், ஓவிய வகைகளுக்குத் தர வரிசை போட்டார். பழம், பூ முதலிய அசையாப் பொருள்கள் அடியில்; அதற்கு மேல் நிலக்காட்சி; அதற்கு மேல் உயிருள்ள விலங்குகள்; பிறகு மனித உருவம்; எல்லாவற்றுக்கும் மேலே, பல மனிதர்கள் சேர்ந்து ஒரு பெருஞ்செயலில் ஈடுபடும் காட்சி. அதாவது வேதாகமம், புராணம், கிரேக்க, ரோமானிய வரலாறு. இது வெறும் ரசனை விவகாரமாக இருந்திருந்தால் நாம் இன்று இதைப் பேச வேண்டியதில்லை. அகாதமியில் பேராசிரியர் பதவியும் அதற்கு மேற்பட்ட பதவிகளும் வரலாற்று ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும்தான். மற்றவர்கள் எவ்வளவு பேர் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. விருந்தில் சமையல் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் முதல் பந்தியில் யாருக்கு இலை என்பது முன்பே தீர்மானமாகிவிடுகிறது அல்லவா, அதைப் போன்ற ஏற்பாடு. கிரூஸுக்கு ஒரு தலைமுறை மூத்தவரான ஷார்தான் 1728-இல் விலங்குகளும் பழங்களும் வரைபவர் என்ற தகுதியில் உள்ளே போனார், பொருளாளர் ஆனார், கண்காட்சியில் படங்களை மாட்டும் பொறுப்பையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தார். அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஓவியர்களில் ஒருவர் அவர். ஆனால் அகாதமியில் ஒரு நாளும் பேராசிரியர் ஆகவில்லை. ஷார்தான் அந்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்துகொண்டார். கிரூஸால் முடியவில்லை.

கிரூஸ் 1725 ஆகஸ்ட் 21-இல் பர்கண்டிப் பகுதியில் தூர்னு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கூரை வேயும் தொழிலாளி. லியோன் நகரில் கிராந்தோன் என்ற உருவப்பட ஓவியரிடம் தொழில் கற்று, 1750 வாக்கில் பாரிஸ் வந்தார். 1755-இல் சிற்பி பிகால் போன்றவர்களின் ஆதரவால் அகாதமியின் முதற்கட்ட அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு அகாதமி நடத்திய சலோன் கண்காட்சியில், பிள்ளைகளுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டும் குடும்பத் தலைவரின் படத்தை வைத்தார். லா லீவ் த ஜுல்லி என்ற செல்வந்தச் சேகரிப்பாளர் அதை வாங்கினார். பிறகு கூகனோ பாதிரியாரின் துணையோடு இத்தாலிப் பயணம். இளம் ஓவியர்களை மாற்றி அனுப்பும் நாடு என்று இத்தாலிக்குப் பெயர் உண்டு. கிரூஸ் பெரிதாக மாறாமல்தான் திரும்பினார். ரோமாபுரி அவருக்குள் இறங்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. இறங்கியபோது அது நன்மையாகவும் இல்லை.

என் வாதத்துக்கு முதல் சான்று 1761 சலோனில் வைத்த ‘கிராமத்து மணப்பெண்’. கண்காட்சி முடியச் சில நாள்களே இருக்கும்போது வந்து சேர்ந்த படம் அது. ஆனாலும் கூட்டம் அதன் முன்னால்தான். அளவில் பெரியதல்ல, ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அகலம். பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். தந்தை மருமகனிடம் சீர்ப்பணப் பையைக் கொடுத்துவிட்டுக் கைகளை விரித்துப் பேசுகிறார். மருமகன் பையைப் பிடித்தபடி பணிவாகக் கேட்கிறான். நடுவில் மணப்பெண், அவள் கை அவன் கைக்குள் கோத்திருக்கிறது, ஆனால் விரல்கள் அவன் கைமேல் பட்டும் படாமலும் கிடக்கின்றன. இன்னொரு கையைத் தாய் பற்றிக்கொண்டிருக்கிறாள். தோளில் சாய்ந்து தங்கை அழுகிறாள். தந்தையின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மற்றொருத்தியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அது பொறாமை என்று பலர் படித்திருக்கிறார்கள். மேசையருகே நோட்டரி ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கிறார். தரையில் ஒரு கோழி குஞ்சுகளோடு மேய்கிறது.

இதை இனிமையான குடும்பக் காட்சி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் எந்த நொடி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். மணவிழா, விருந்து, நடனம், ஊர்வலம் எதுவும் இல்லை, பாதிரியாரும் இல்லை. பணம் கைமாறிவிட்டது, பேச்சு இன்னும் முடியவில்லை. ஒரு பெண் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சட்டப்படி மாறும் அந்த இடைவெளியைத்தான் அவர் பிடித்திருக்கிறார். முன்னே நடந்ததும் பின்னே நடக்கப்போவதும் ஒரே நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது வரலாற்று ஓவியத்துக்கு அகாதமி விதித்த முதல் நிபந்தனை. அடுத்த நிபந்தனை, ஒரே நிகழ்ச்சி ஒவ்வொருவர் முகத்திலும் வெவ்வேறு உணர்ச்சியாக வெளிப்பட வேண்டும் என்பது. முகபாவங்களைப் பற்றி ஓவியர் லெ பிரன் பதினேழாம் நூற்றாண்டிலேயே அகாதமியில் உரையாற்றினார். முகபாவம் வரைவதற்கென்றே கய்லூஸ் பிரபு அகாதமி மாணவர்களுக்குப் பரிசும் ஏற்படுத்தியிருந்தார். கிரூஸ் அந்தப் பாடத்தை வரி பிசகாமல் படித்தவர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் தலை தலையாக, கை கையாகச் செந்நிறக் கட்டியால் வரைந்து பழகினார். ஒரு குடும்பத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பன்னிரண்டு மனநிலைகளாகப் பிரித்துக் காட்டுவதும், ஒரு தளபதியின் மரணத்தைச் சுற்றி நிற்பவர்களின் துயரத்தை ஓவியர் பூஸான் பிரித்துக் காட்டியதும் ஒரே வித்தைதான். வேறுபாடு உடுப்பில் மட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவையெல்லாம் திதரோ ஊதிப் பெரிதாக்கியவை அல்லவா? அவருடைய புகழ்ச்சி இல்லையென்றால் கிரூஸ் யார்? இது பலமுறை சொல்லப்பட்ட கருத்து. கால வரிசைக்கு முன் நிற்காத கருத்தும்கூட. திதரோ சலோன் கண்காட்சிகளைப் பற்றி எழுதியவை கிரிம் நடத்திய கையெழுத்துச் செய்திமடலில் வந்தன. அதைப் படித்தவர்கள் ஜெர்மன் சிற்றரசர்கள், சுவீடன், ரஷ்ய அரசவையினர் என்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். பாரிஸ் மக்கள் அவற்றை அச்சில் காண 1795 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது திதரோ இறந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆகவே 1761-இல் அந்தப் படத்தின் முன்னால் முண்டியடித்தவர்களில் எவரும் திதரோவைப் படித்துவிட்டு வந்தவர் அல்லர். கேத்தரினிடம் கிரூஸைக் கொண்டுசேர்த்தது திதரோ என்பது உண்மை. பாரிஸ் மக்களிடம் கொண்டுசேர்த்தது அவர் அல்ல. அதே ஆண்டு இறுதியில் பாரிஸின் இத்தாலிய நாடக அரங்கில் ஒரு நாடகத்தின் நடுவே நடிகர்கள் அந்தப் படத்தில் உள்ளபடியே அசையாமல் நின்று காட்டினார்கள். அரங்கிலிருந்தவர்களுக்கு உடனே புரிந்தது என்றால், படம் அதற்குள் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். செதுக்குக் கலைஞர் ஃபிலிபார் 1770-இல் அதைச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்டார். அச்சுப்படம் சலோனுக்கு வர முடியாதவர்களின் சுவருக்கும் போனது. மரிஞி பிரபு 3,000 லிவ்ருக்கு வாங்கிய மூலப்படத்தை, அவர் இறந்த பின் 1782-இல் நடந்த ஏலத்தில் பதினாறாம் லூயிக்காக 16,650 லிவ்ருக்கு எடுத்தார்கள். அரசரின் சேகரிப்புக்குள் ஒரு குடியானவர் வீடு நுழைந்தது. அதற்கு எந்தத் தத்துவாசிரியரின் சிபாரிசும் தேவைப்படவில்லை.

ஆனால் திதரோவுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாடக மேடையில் அரசர்களின் துயரத்துக்குப் பதிலாகக் குடும்பத் தலைவர்களின் துயரத்தை வைக்கலாம் என்று 1757, 1758 ஆண்டுகளில் நாடகம் எழுதியும் விளக்கம் எழுதியும் வாதாடியவர் அவர். ஓவியத்தில் கிரூஸ் செய்ததும் அதுதான் என்று முதலில் கண்டுகொண்டவரும் அவரே. 1763-இல் வந்த ‘பிள்ளைகள் பணிவிடை செய்யும் வாதநோயாளி’ படத்தைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார். பின்னால் கேத்தரின் வாங்கியது இந்தப் படத்தைத்தான். நடமாட முடியாத முதியவர். அவருக்கு உணவூட்ட வரும் மருமகன். சுற்றிலும் மகள், மனைவி, பேரப்பிள்ளைகள். அத்தனை பேர் பார்வையும் ஒரே இடத்தில் குவிவதைக் கண்டு அன்றே சிலர் முகம் சுளித்தார்கள்: உண்மையான வீட்டில் ஒரு கிழவர் சாப்பிடும்போது ஆளாளுக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று. நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியைப் பூஸானின் மரணப்படுக்கைக் காட்சிகளிடம் யாரும் கேட்கவில்லை. ரோமானியர்கள் ஒரே இடத்தைப் பார்த்தால் அது ஒருமைப்பாடு. குடியானவர்கள் பார்த்தால் அது நடிப்பு. இந்த இரட்டை அளவுகோல்தான் என் புகார்.

கிரூஸ் நாடகத்தனமானவர் என்ற குற்றச்சாட்டை நான் முழுவதும் மறுக்கவில்லை. அவருடைய கிராமத்து மக்களின் உடுப்பில் கிழிசல்கூட அழகாக இருக்கிறது. நிலவரி, பஞ்சம், உப்புவரி எதுவும் அந்த வீடுகளுக்குள் வருவதில்லை. நூறு ஆண்டுக்கு முன்பு லெ நேன் சகோதரர்கள் வரைந்த குடியானவர்களின் மௌனமான முகங்களைப் பார்த்துவிட்டு இவரிடம் வந்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் லெ நேன்கள் செய்யாத ஒன்றை இவர் செய்தார். ஏழை வீட்டுக்குள் சட்டம், சொத்து, தந்தையின் அதிகாரம், மகனின் மீறல் எல்லாம் வேலை செய்வதைக் காட்டினார். அவர்களிடம் ஒரு குடும்பம் இருக்கிறது. இவரிடம் அந்தக் குடும்பத்துக்கு ஏதோ நேர்கிறது. ஏதோ நேர்வதுதான் வரலாற்று ஓவியத்தின் இலக்கணம். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஃபிரீட் 1980-இல் வெளியிட்ட நூலில், இந்தப் படங்களில் உள்ளவர்கள் தங்கள் செயலில் மூழ்கிப் பார்வையாளரை மறந்திருப்பதே அவற்றின் புதுமை என்று காட்டினார். இந்தக் கோணத்தில் பார்த்தால், நாடகத்தனம் என்று நாம் ஒதுக்குவது உண்மையில் பார்வையாளருக்காக நடிப்பதைத் தவிர்க்க எடுத்த முயற்சி. அது எப்போதும் வெற்றி பெறவில்லை என்பது வேறு.

இனி 1769-க்கு வருவோம். முதற்கட்ட அனுமதி பெற்றவர் சில மாதங்களுக்குள் சேர்க்கைப் படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கிரூஸ் பன்னிரண்டு ஆண்டுகள் கொடுக்கவில்லை. 1767-இல் பொறுமை இழந்த அகாதமி அவரைச் சலோனில் கலந்துகொள்ள விடாமல் தடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் கொண்டுவந்த படம் ரோமானியப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸையும் அவர் மகன் கரக்கல்லாவையும் பற்றியது. பிரிட்டன் மீதான படையெடுப்பின்போது மகன் தந்தையைக் கொல்ல முயன்றான். நோயுற்ற தந்தை அவனை அழைத்து, என் சாவு வேண்டுமென்றால் இதோ காவற்படைத் தலைவன் பாப்பினியன் இருக்கிறான், அவனுக்குக் கட்டளையிடு என்றார். வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்லும் கதை. படத்தில் பேரரசர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறார். மகன் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறான். பின்னால் இருவர் கலங்கி நிற்கிறார்கள். நிறங்கள் அடங்கியவை, பின்புலம் வெறுமை.

படம் மோசமானதா? சில இடங்களில், ஆம். கிழவரின் நீட்டிய கை உடலோடு சரியாகப் பொருந்தவில்லை. கரக்கல்லாவின் முகத்தில் குற்ற உணர்வைவிடச் சிடுசிடுப்பே மேலோங்குகிறது. பல ஆண்டுகள் உழைத்த விறைப்பு முழுப் படத்திலும் தெரிகிறது. திதரோவும் அதைக் கைவிட்டார். கிரூஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தற்காத்துக்கொண்டது நிலைமையை இன்னும் கெடுத்தது. ஆனாலும் அகாதமியின் தீர்ப்பு இந்தப் பிழைகளிலிருந்து பிறந்ததல்ல. படம் தகுதியற்றது என்றால் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்டிருக்கலாம். தகுதியுள்ளது என்றால் வரலாற்று ஓவியராகச் சேர்த்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: முன் நிற்கும் படத்தைக் காணாததுபோல் விட்டுவிட்டு, முன் இல்லாத படங்களுக்காக அவரைச் சேர்த்தார்கள். அந்த வார்த்தைகளிலேயே அவர்களின் வாக்குமூலம் இருக்கிறது. குடியானவர் படங்கள் அகாதமியில் இடம் பெறுமளவுக்குச் சிறந்தவை. பேராசிரியர் ஆகுமளவுக்கு அல்ல, ஏனென்றால் அவற்றில் இருப்பவர்கள் குடியானவர்கள். தரத்தைப் பற்றிய தீர்ப்பாக இது தோற்றமளித்தாலும், உள்ளே இருந்தது பொருளைப் பற்றிய தீர்ப்புதான்.

அகாதமியின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியாகாது. 1755-இல் அவருக்கு அனுமதி கொடுத்தது அன்றாடக் காட்சி ஓவியர் என்ற தகுதியில்தான். அந்த வாசலில் நுழைந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வாசல் வழியாக வெளிவரப் பார்த்தால், விதிப்படி நடப்பவர்கள் என்ன செய்வார்கள்? மற்ற ஓவியர்களை அவர் அலட்சியமாகப் பேசிவந்தார் என்ற குறையும் உண்டு. வாக்களித்தவர்களில் அந்தத் தழும்பைச் சுமந்தவர்கள் இருந்திருப்பார்கள். இவற்றை ஏற்றுக்கொள்கிறேன். விதி மீறப்பட்டது என்பது அகாதமிக்குச் சாதகம். அப்படி ஒரு விதி இருந்தது என்பது எனக்குச் சாதகம்.

செவெரஸ் படத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். அந்தக் கதையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? ரோமானிய வரலாற்றில் போர்கள், தியாகங்கள், சதிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவர் தேடிப் பிடித்தது படுக்கையில் கிடக்கும் தந்தையும் நன்றிகெட்ட மகனும். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1765 சலோனில், அவர் இரண்டு கோட்டோவியங்களை வைத்திருந்தார். ஒன்றில் மகன் தந்தையை மீறிப் படையில் சேரப் புறப்படுகிறான், தந்தை சபிக்கிறார். மற்றொன்றில் அவன் திரும்பி வரும்போது தந்தை அப்போதுதான் இறந்து கிடக்கிறார். செவெரஸின் படுக்கை அந்த இறந்த தந்தையின் படுக்கைதான். நீட்டிய கையும் சபிக்கும் கிராமத்துத் தந்தையின் கைதான். கிரூஸ் தம் சொந்தக் கதையை எடுத்து அதற்கு ரோமானியப் பெயர் வைத்தார், அவ்வளவே. அந்தப் பெயர் மாற்றத்தில் நோட்டரி போனார், கோழி போனது, அழும் தங்கை போனாள். மனிதர்கள் நிற்க இடமில்லாத நெருக்கடியான அறை போனது. அவருடைய கற்பனைக்குப் பிடிமானமாக இருந்த பொருள்கள் எல்லாம் போன பின் எஞ்சியது விறைப்பு. ரோமானியக் கதைகளுக்கு அவர் தகுதியற்றவர் என்பதை இது காட்டவில்லை. அவருக்கு ரோமானியக் கதைகளே தேவைப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

சிலர் செவெரஸ் படத்தைக் காப்பாற்ற வேறு வழியில் வாதாடுகிறார்கள். ஓவியர் தாவீத் ‘ஹோராஷியர் சபதம்’ வரைந்தது 1784-இல். அதற்குப் பதினைந்து ஆண்டுக்கு முன்பே வெறுமையான பின்புலம், அடங்கிய நிறம், கடுமையான ரோமானிய அறம் எல்லாம் கிரூஸிடம் வந்துவிட்டன. அவர் காலத்துக்கு முந்தியவர் என்கிறார்கள். தேதிகள் சரி. ஆனால் முன்னோடி என்பதற்காக ஒரு படத்தை மன்னிப்பது, பின்னால் வந்தவரின் வெற்றியை முன்னால் தோற்றவர் கணக்கில் எழுதுவதாகும். தாவீத் கிரூஸிடமிருந்து பெற்றது இருந்தால், அது அந்த ஒரு படத்திலிருந்து அல்ல. ஒருபுறம் செயலில் இறங்கும் ஆண்கள், மறுபுறம் துயரத்தில் துவளும் பெண்கள் என்று ஒரு வீட்டையே இரண்டாகப் பிளந்து காட்டும் முறை கிரூஸின் கிராமத்து வீடுகளில் முன்பே இருந்தது.

அவமானத்துக்குப் பிறகு கிரூஸ் செய்தது, என் பார்வையில், அவருடைய வாழ்க்கையின் மிகத் துணிச்சலான செயல். அகாதமிக் கண்காட்சிகளில் கலந்துகொள்வதை நிறுத்தினார். லூவ்ரிலேயே தமக்கு இருந்த ஓவியக்கூடத்தைத் திறந்துவிட்டார். மக்கள் அங்கே வந்தார்கள். 1777-இல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் வந்து பார்த்தார். அதே ஆண்டு ‘தந்தையின் சாபம்’ முடிந்தது. அடுத்த ஆண்டு அதன் இணையான ‘தண்டனை பெற்ற மகன்’. 1765 கோட்டோவியங்கள் வண்ணத்தில், ரோமானியப் படத்தின் அளவுக்கே, வந்து நின்றன. முதல் படத்தில் தந்தை எழுந்து இரு கைகளையும் நீட்டிச் சபிக்கிறார். தாய் மகனைக் கட்டிப் பிடிக்கிறாள். வாசலில் படைக்கு ஆள் சேர்ப்பவன் நிதானமாகக் காத்திருக்கிறான். இரண்டாவதில் தாய் வாய் திறக்காமல் பிணத்தைச் சுட்டிக்காட்டுகிறாள்; மகன் தலைகுனிந்து நிற்கிறான். அகாதமி செவெரஸில் கேட்டுக் கிடைக்காத அத்தனையும் இங்கே இருக்கின்றன. அகாதமிக்கு இதைவிடச் சரியான பதிலை அவர் சொல்லியிருக்க முடியாது. ஆனால் தாம் பதில் சொல்லிவிட்டதை அவர் உணர்ந்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

வருமானமும் நின்றுவிடவில்லை. செதுக்குக் கலைஞர்களோடு கூட்டுச் சேர்ந்து தம் படங்களின் அச்சுப்படங்களை விற்றார். பிழைப்புக்கு அகாதமி தேவையில்லை என்று அந்த வணிகம் காட்டியது. 1769-ஆம் ஆண்டிலேயே ரஷ்யாவின் கலை அகாதமிக்காக அவருடைய கோட்டோவியங்களின் ஒரு பெரிய தொகுதி வாங்கப்பட்டது. பாரிஸ் அகாதமி வரைவுப் பிழை என்று பென்சிலால் சுட்டிய கையின் வரைவுகளை, இன்னொரு நாட்டின் அகாதமி மாணவர்கள் பார்த்துப் படிக்க வேண்டியவை என்று எடுத்துக்கொண்டது.

இவ்வளவு சொன்ன பிறகு, என் கட்சிக்கு மிகவும் பாதகமான சான்றையும் நானே முன்வைக்க வேண்டும். கிரூஸ் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது தந்தையும் மகனும் அல்ல. கண் கலங்கிய, உதடு பிரிந்த, ஆடை நழுவிய இளம்பெண்கள். இறந்த பறவைக்காக அழும் பெண் 1765-இல் வந்தாள். அவள் அழுவது பறவைக்காக அல்ல, இழந்த கன்னிமைக்காக என்று திதரோ அன்றே படித்துச் சொன்னார். 1770-களின் தொடக்கத்தில் வந்த ‘உடைந்த குடம்’ அதையே இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. அதை வைத்திருந்தவர் அரசரின் காதலி மதாம் து பாரி. குடும்பத்தின் அறத்தைப் போதித்தவர், அந்த அறம் உடைவதைப் பார்த்து ரசிக்க விரும்பும் பிரபுக்களுக்குச் சரக்கு விற்றார். நாளாக ஆக இந்தத் தலைகள் பெருகின. ஒன்றைப் பார்த்தால் பத்தைப் பார்த்த மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பணக்காரர்கள் இவற்றைத்தான் போட்டி போட்டு வாங்கினார்கள். லண்டன் வாலஸ் சேகரிப்பில் இவை வரிசையாகத் தொங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டு கிரூஸைக் கைவிட்டதற்கும் இவையே முதன்மைக் காரணம். இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். உயர்ந்த இடம் மறுக்கப்பட்டதால் அவர் இந்தச் சந்தைக்கு இறங்கினார் என்று அனுதாபத்தோடு எழுதுபவர்கள் உண்டு. அழும் பெண் 1769-க்கு நான்கு ஆண்டு மூத்தவள். அகாதமியின் தலையில் இந்தப் பழியைப் போட முடியாது.

இன்னொரு மறுப்பு என் வாதத்தின் அடித்தளத்தையே தொடுகிறது. குடியானவர் படங்களும் வரலாற்று ஓவியமே என்று நிரூபிக்க இவ்வளவு பாடுபடுகிறாயே, அப்படியானால் நீயும் அந்தப் படிவரிசையை ஏற்றுக்கொண்டுதானே பேசுகிறாய்? வரலாற்று ஓவியம் அல்ல என்றால் அவை தாழ்ந்துவிடுமா? தாழாது. ஷார்தானின் செம்புப் பாத்திரத்துக்கு எந்தப் பேரரசரின் துணையும் வேண்டாம். அவருடைய படங்களில் எதுவும் நிகழ்வதில்லை. நிகழாமையே அவற்றின் பெருமை. கிரூஸை அந்த அளவுகோலால் அளந்தால் அவருக்கு இழப்பு. ஷார்தானின் அமைதியை எதிர்பார்த்துப் போகிறவருக்குக் கிரூஸ் கூச்சலாகத் தோன்றுவார். கொடுக்கல் வாங்கல், சாபம், மரணம் என்று மனித உறவு முறுக்கேறும் நொடிகளைத்தான் அவர் வரைந்தார். அந்த நொடிகளுக்கென்று அன்று இருந்த இலக்கணத்தால் அவரை அளப்பதுதான் அவருக்கு நியாயம். அந்த இலக்கணத்தை வகுத்தவர்கள் அதைப் பிரயோகிக்க மறுத்தார்கள் என்பதே என் வழக்கு.

மீதிக் கதை சுருக்கமானது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. சேமிப்பு கரைந்தது. அச்சுப்பட வருமானத்தைச் சூறையாடினாள் என்று மனைவி ஆன் கப்ரியேல் பபுத்தி மீது குற்றம்சாட்டி 1793-இல் மணமுறிவு பெற்றார். அவள் தரப்பை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத வழக்கு அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே 1793 ஆகஸ்டில், தாவீத் முன்னின்று வாதாட, தேசியப் பேரவை அகாதமியைக் கலைத்தது. பேராசிரியர், பேராசிரியர் அல்லாதவர் என்ற பிரிவு ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. கிரூஸ் 1800-இல் மீண்டும் சலோனுக்கு வந்தபோது தாவீதின் மாணவர்கள் சுவரை நிறைத்திருந்தார்கள். முதல் கான்சல் நெப்போலியனின் உருவப்படம் வரையும் அரசுப் பணி கடைசிக் காலத்தில் கிடைத்தது. 1805 மார்ச்சில் லூவ்ர் குடியிருப்பில் இறந்தார்.

அவருக்கான மறுமதிப்பீடு மெல்லத்தான் வந்தது. 1972-இல் அனிதா புரூக்னர் ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார். 1976-இல் எட்கர் மன்ஹால் தொகுத்த பெரிய கண்காட்சி அமெரிக்காவிலும் பிறகு திஜோனிலும் நடந்தது. பிறந்து 300 ஆண்டு நிறைந்த 2025-இல் பாரிஸ் பெத்தி பலே அருங்காட்சியகம் அவருடைய குழந்தைப் படங்களை மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. மூன்றுமே நல்ல காரியங்கள். இருந்தாலும் இளம்பெண்களின் தலைகளைக் கொண்டு அவரைத் தள்ளுவதும், அவர் நல்ல குணமுள்ள கிராமத்துக் கதைசொல்லி என்று தட்டிக்கொடுப்பதும் இன்னும் நிற்கவில்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். லூவ்ர் போகும் வாய்ப்புக் கிடைத்தவர்களும், நல்ல அச்சுப்பிரதியையாவது பார்க்கக்கூடியவர்களும், செவெரஸ் படத்தையும் ‘தண்டனை பெற்ற மகன்’ படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் படுக்கை இருக்கிறது, தந்தை இருக்கிறார், தலைகுனிந்த மகன் இருக்கிறான். எதற்கு அகாதமி பேராசிரியர் நாற்காலியைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். என் வாக்கு இரண்டாவதற்கு.